முப்பத்தெட்டு அங்குலம்

இரத்தினவேலின் வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கதவு இருந்தது. ஒரு விரலால் இழுத்தாலே சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் திறந்து காலை வெளியே வைத்தால் கீழே நிலம் இல்லை, ஆகாயந்தான். வீட்டைக் கட்டி விற்றவன் கதவை வைத்தானே தவிர, அதற்கு முன்னால் ஒரு படியைக்கூட வைக்கவில்லை. டெக் என்கிற பலகைத் தட்டைப் போட்டுக்கொள்வது வாங்குகிறவன் பாடு என்று விட்டுவிட்டான். யாரும் தவறி விழாமல் இருக்கக் குறுக்கே ஒரு மரச்சட்டம் அடித்திருந்தது. கனடாவில், மோர்னிங்சைட்டில் அந்தத் தெருவிலே பாதி வீடுகளின் கதை அதுதான். வசதி வந்தவர்கள் டெக் போட்டு இறைச்சி சுட்டார்கள். மற்றவர்கள் கதவுக்கு முன்னால் அரிசி மூட்டையை அடுக்கி வைத்துவிட்டு இருந்தார்கள்.

இரத்தினவேலும் அரிசி மூட்டை அடுக்கியவர்தான். அந்த மூட்டைக்குப் பக்கத்திலேதான் மாசி மாதத்தில் ஒரு நாள் அவருடைய மனைவி குணவதி விழுந்தாள். பாரிசவாதம். வலப்பக்கத்தில் கையும் காலும் போயின. பேச்சு மட்டும், கோபித்துக்கொண்டு போன உறவுக்காரர் மாதிரி, மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. ஆனி மாதம் பிறந்தபோது சில்லுக் கதிரையில் அரை நாள் சாய்ந்திருக்கலாம் என்ற அளவுக்குத் தேறிவிட்டாள். இனி நடப்பாள் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் நோயாளரை வீட்டுக்கு அனுப்புகிற விஷயங்களைப் பார்க்கிற ஒரு பெண்மணி இரத்தினவேலையும் மகள் நிரூபாவையும் கூப்பிட்டு இருத்திப் பேசினாள். நல்ல மனுசி. அவசரப்படாமல்தான் சொன்னாள். குணவதியை வீட்டுக்குக் கொண்டு போகலாம். ஆனால் சில்லுக் கதிரை உள்ளே போய் வர ஒரு வழி வேண்டும். ஒக்ரோபர் மாதம் முடிவதற்குள் அதைச் செய்துவிட்டால் வீடு. இல்லையென்றால் பராமரிப்பு இல்லம். எந்த ஊரில் முதலில் ஒரு கட்டில் காலியாகிறதோ, அந்த ஊர்.

வீட்டுக்கு முன்பக்கம் செங்குத்தான படிகள். அவற்றை ஏறி உள்ளே போனால் மறுபடியும் படிகள். எப்படிப் பார்த்தாலும் வழி ஒன்றுதான். ஆகாயத்துக்குத் திறக்கிற அந்தக் குசினிக் கதவு.

இந்த இடத்திலேதான் பேனாட் வருகிறான். ஊர்காவற்றுறைக்காரன், கத்தோலிக்கன். புது வீடுகளுக்கு மரச்சட்டம் அடிக்கிற கொம்பனியொன்றில் தச்சன். முன்பு வெக்ஸ்போர்ட்டில் அப்பாட்மென்றில் இருந்த காலத்தில் எதிர்க்கதவுக்காரன். அவனுடைய மனைவி மக்டலீனின் இரண்டு பிள்ளைப்பேற்றுக்கும் சரக்கு அரைத்துப் பத்தியக் காயம் காய்ச்சிக் கொடுத்தவள் குணவதி. அதை அவன் மறக்கவில்லை. ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பூசை முடிந்து, கோயில் சட்டையோடேயே அளவு நாடாவைக் கொண்டு வந்து நின்றான்.

"அண்ணை, நாடாவின்ரை தலையைக் கதவடியிலை பிடியுங்கோ. ஆடாதேங்கோ." நிலத்தில் குந்தி அளந்தான். "முப்பத்தெட்டு இஞ்ச்."

"அவ்வளவுதானே," என்றார் இரத்தினவேல். மனசு கொஞ்சம் லேசானது.

"அவ்வளவுதானோ? ஒரு இஞ்ச் உயரத்துக்கு ஒரு அடி நீளம் ஓடவேணும் அண்ணை. அதைவிடச் சரிவாய் வைச்சால் கதிரை இறங்காது, பறக்கும். பிறகு அக்காவைப் பக்கத்து வளவுக்குள்ளைதான் பொறுக்கவேணும்."

"அப்ப முப்பத்தெட்டு அடி."

"ஓம். உங்கடை வளவோ சுவரிலையிருந்து வேலி வரைக்கும் இருபத்தாறு."

இரண்டு பேரும் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேலி அசைகிறதாக இல்லை.

"ஒண்டும் யோசியாதேங்கோ," என்றான் பேனாட். "கதவடியிலை ஒரு சின்ன டெக். அதிலையிருந்து வேலிக்கரை வரைக்கும் சாய்ச்சு இறக்குவம். அதிலை ஒரு தட்டு, கதிரை திரும்ப. திரும்பி, வந்த வழிக்குப் பக்கத்தாலையே இந்தப் பக்கம் இறங்குது. மாட்டுவண்டிலைத் திருப்பிறது மாதிரித்தான்."

அன்று பின்னேரம் முழுக்கக் குசினி மேசையில் கணக்கு. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் பண்டகசாலையில் பதினெட்டு வருஷம் பதிவாளராக இருந்தவர் இரத்தினவேல். இங்கே பாண் சுடுகிற தொழிற்சாலையில் தட்டு அடுக்குகிறார் என்றாலும், ஒரு பொருளை எண்ணி, எழுதி, கூட்டிப் பார்க்கிறதென்றால் அவருக்கு இன்னும் ஒரு தனிச் சந்தோசம். பேனாட் சொல்லச் சொல்ல எழுதினார். பச்சை மருந்து ஏற்றிய மரக்கால்கள் பதினாலு. கொங்கிறீற் ஊற்றக் குழிக்குள் இறக்குகிற கடதாசிக் குழாய் பதினாலு. கொங்கிறீற் மூட்டை, ஒரு குழிக்கு மூன்று. தாங்குசட்டங்கள், அவற்றைப் பிடிக்கிற தகரக் கொளுவிகள், துரு ஏறாத ஆணி, கைபிடிக்கு மரம். மேலே விரிக்கிற பலகையை ஆறு அங்குலம் என்று கணக்குப் போட்டு அவர் வகுத்ததைப் பார்த்து பேனாட் சிரித்தான்.

"ஆறெண்டு எழுதிப்போட்டு அஞ்சரைதான் தருவாங்கள் அண்ணை."

"அதென்ன கள்ளம்?"

"கள்ளமில்லை. அரியேக்கை ஆறு, சீவி எடுக்க அஞ்சரை. ஊரறிஞ்ச சங்கதி. உங்கடை கணக்கிலை போட்டால் கடைசியிலை மூண்டு அடிக்குப் பலகை காணாமல் போகும். அக்கா அந்த இடத்தைப் பாஞ்சு கடக்கவேணும்."

இரத்தினவேல் அழித்து எழுதினார். எல்லாம் கூட்ட இரண்டாயிரத்து நூற்று நாற்பது டொலர். வரியோடு இரண்டாயிரத்து நானூற்று அறுபத்தொன்று. நாலு மாதம் இரவும் பகலும் தட்டு அடுக்கி மிச்சம் பிடித்த காசு. அவருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. கூட்டுத்தொகைக்குக் கீழே இரண்டு கோடு இழுத்துவிட்டு நிமிர்ந்தபோது, மாசிக்குப் பிறகு முதல் தடவையாகப் பசித்தது.

நகரசபையின் அனுமதி ஆடிப்பிறப்புக்கு இரண்டு நாள் முன்னதாகக் கைக்கு வந்தது. அந்தக் கடதாசி வந்ததைக் கேள்விப்பட்டு பேனாட் துள்ளிக்கொண்டு வந்தான்.

"வாற சனி தொடங்குவம். முதல்லை குழி. நாலு அடி ஆழம் போகவேணும். குறைஞ்சால் பனிக்காலத்திலை நிலம் உறைஞ்சு காலை மேலை தூக்கி எறிஞ்சு போடும். மிசின் வாடகைக்கு எடுத்தால் ஒரு நாள் வேலை. இப்ப எங்கடை கொம்பனியிலை வேலை குறைவு. ஆறு கிழமைக்கு சனி ஞாயிறு நான் உங்கடை ஆள்."

இரத்தினவேல் கதவுக்குப் பக்கத்தில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். தமிழ்க்கடையில் கொடுத்தது. நாளொரு தாளாகக் கிழிக்கிறது. நல்லநேரம், இராகுகாலம், யோகம் எல்லாம் அதிலே போட்டிருக்கும்.

"பேனாட், நாளையிண்டைக்கு ஆடி பிறக்குது."

"பிறக்கட்டுமே. நாங்களே பேறு பாக்கவேணும்? கூழைக் காய்ச்சிக் குடிச்சுப்போட்டுக் குழியை வெட்டுவம்."

"பகிடியில்லை. கால் நாட்டுற வேலையப்பா இது. ஆடியிலை ஆர் கால் நாட்டுறது?"

"உது என்ன வீடோ, மடமோ? ஒரு பலகைத் தட்டு. எங்கடை தவக்காலத்திலைகூடக் கலியாணம் மட்டுந்தான் செய்யேலாது. குழி வெட்டலாம்."

"நாள் செய்வது நல்லார் செய்யார் எண்டு சும்மாவே சொன்னவங்கள்?"

பேனாட் ஏதோ சொல்ல வாயெடுத்தவன் அவருடைய முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவனுக்கும் அந்தக் கதை தெரியும்.

போன வருஷம் இந்த வீட்டை வாங்கியபோது கதவுத் திறப்புக்கோர்வை கையில் வந்தது ஆடி மாதத்தில். வங்கி குறித்த நாள், விற்றவன் குறித்த நாள். "ஒரு மாசம் அப்பாட்மென்றிலையே கிடப்பம், ஆவணியிலை போவம்," என்றாள் குணவதி. ஒரு மாத வாடகை வீணாகப் போகிறது என்று இரத்தினவேல் பார்த்தார். "கனடாவிலை என்ன ஆடி, என்ன ஆவணி," என்று சொல்லிப் பாலைக் காய்ச்ச வைத்துவிட்டார். ஏழு மாதத்தில், இந்த மாசியில், அவள் விழுந்தாள். பங்குனி உத்தரத்துக்கு றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தபோது, தேங்காய் உடைக்க வரிசையில் நின்ற ஒரு மனுசி பக்கத்தில் நின்றவளிடம், "ஆடியிலை குடிபூந்த வீடெல்லோ," என்று சொன்னது அவருடைய காதில் நன்றாக விழுந்தது. அன்று முதல் அவர் சூடு கண்ட பூனை. அதற்கு முன்னால் கலண்டரில் திகதியை மட்டும் பார்த்த மனுசன், இப்போது யோகம் பார்க்காமல் தலைமயிர்கூட வெட்டுவதில்லை.

"சரி," என்றான் பேனாட் கடைசியாக. "ஆவணியிலை நாள் பாருங்கோ. ஆனால் ஆவணி முடிஞ்சாப் பிறகு என்னைத் தேடாதேங்கோ அண்ணை. பனி விழ முன்னம் கூரை ஏத்தவேணும் எண்டு சனி ஞாயிறும் பிடிச்சு நிப்பாட்டி வைப்பாங்கள்."

ஆவணியில் இரண்டாம் ஞாயிறு நல்ல நாள் என்று ஐயர் சொன்னார். நாள் கிடைத்ததும் இரத்தினவேலுக்குக் கை சும்மா இருக்கவில்லை. மரக்கடையில் ஆடித் தொடக்கத்திலேயே விலை குறைத்துப் போட்டிருந்தார்கள். முந்நூறு டொலருக்குக் கிட்ட மிச்சம். எல்லாவற்றையும் வாங்கி லொறியில் வளவுக்குள் இறக்குவித்தார். பேனாட் தொலைபேசியில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"பலகைக் கட்டை அவிழாதேங்கோ அண்ணை. அது பச்சை மரம். மருந்துத் தண்ணி குடிச்சு ஊறி வந்திருக்கு. அடிச்சு இறுக்கின பிறகு காஞ்சால் சொன்னபடி நிக்கும். அவிட்டுக் காயவிட்டால் தன்ரை குணத்தைக் காட்டும்."

"ஓம், ஓம்," என்றார் அவர்.

ஆனால் பதினெட்டு வருஷத்துப் பண்டகசாலைப் பழக்கம் லேசில் விடுமா? வந்த சாமானை எண்ணாமல் அவர் சீவியத்தில் ஏற்றுக்கொண்டதில்லை. கட்டோடு கிடக்கிற பலகையை எப்படி எண்ணுவது? தகரப் பட்டியை வெட்டினார். ஒவ்வொன்றாக எடுத்து நாடா வைத்துப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை. பிறகு பன்னிரண்டு அடி ஒரு பக்கம், பத்து அடி ஒரு பக்கம், எட்டு அடி இன்னொரு பக்கம் என்று புல்லின்மேல் பிரித்து அடுக்கினார். நீலத் தறப்பாளால் மூடி நாலு மூலையையும் கல் வைத்து இறுக்கினார். நல்லாய்த்தான் இருந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் வேலிக்கு மேலால் பார்த்துப் பெருவிரலைக் காட்டினான்.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியில் குணவதி கேட்டாள்.

"வேலை தொடங்கியாச்சோ?"

"நடக்குது," என்றார்.

ஆடி என்று சொல்லி அவளுக்கு அந்தப் பழைய பேச்சை ஞாபகப்படுத்த அவருக்கு விருப்பமில்லை. சாமான் வந்துவிட்டது, அதுவும் வேலைதானே. அதற்குப் பிறகு அவள் கேட்டபோதெல்லாம் நடக்குது என்றே சொன்னார். ஒருதரம் சொன்னதை மாற்றிச் சொல்ல முடியாமல் போய்விட்டது. அவளும் இடது கையால் கதிரைச் சில்லைத் தள்ளப் பழகிக்கொண்டிருந்தாள். அந்த நீண்ட விறாந்தையின் முடிவு வரை போய் வந்து, "உங்கடை றோட்டிலை ஓடப் பழகிறன்," என்று வாயின் ஒரு பக்கத்தால் சிரிப்பாள்.

கால் நாட்டுவதற்கு இரண்டு நாள் இருக்க, வெள்ளிக்கிழமை, கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. கரவெட்டியில் மூத்த அண்ணர் போய்விட்டார். சலரோகம், சண்டையில் சாமான் தடை, இன்சுலின் கிடைக்கவில்லை. செத்து ஐந்து நாள். சாமானேற்ற வந்த ஒருவர் வாயால் செய்தி கொழும்புக்கு வந்திருந்தது.

இரத்தினவேல் தொலைபேசியை வைத்தார். கலண்டரைப் பார்த்தார். சாவுத் துடக்குக் கழிய முப்பத்தொரு நாள். அதில் ஐந்து கழிந்தது. மிச்சம் போய் விழுகிறது புரட்டாசியில். இவ்வளவையும் எண்ணி முடித்த பிறகுதான், தன்னைத் தோளில் வைத்து வல்லிபுரக் கோயில் தேர் காட்டிய மனுசன் இனி இல்லை என்பது நெஞ்சில் ஏறியது. முதலில் எண்ணிய அந்த மனத்தை நினைக்க அவருக்கே அருவருப்பாக இருந்தது. நிலத்தில் குந்தியிருந்து அழுதார்.

சனிக்கிழமை இரவு பேனாட்டும் மக்டலீனும் வந்தார்கள். மக்டலீன் நிரூபாவோடு மாடிக்குப் போனதும் பேனாட் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணை, கோவியாதேங்கோ. எங்களுக்குத் துடக்கில்லை. நான் என்ரை கையாலை நாளைக்குக் குழி வெட்டுறன். நீங்கள் வெளியிலை வரவேண்டாம். ஆருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே, பேனாட்."

"அண்ணை, ஒக்ரோபர்..."

"போனமுறை நாள் பாக்காமல் நான் செய்ததுக்கு அவ படுக்கையிலை கிடக்கிறா. இந்தமுறை துடக்கோடை நட்ட காலுக்கு மேலாலை அவவை நான் எப்பிடிக் கொண்டு வாறது? அவவுக்கு இன்னொண்டு வந்தால்?"

பேனாட் கொண்டு வந்த மண்வெட்டியைத் திரும்பக் காரில் வைத்துக்கொண்டு போனான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபோது புரட்டாசி பிறந்துவிட்டது. புரட்டாசியிலும் கால் நாட்டுவதில்லை. நிரூபா வங்கியில் வேலை பார்க்கிறவள், பொறுமைசாலி. ஒரு நாள் பின்னேரம் அவளுடைய பொறுமையும் அறுந்தது.

"அப்பா, திஸ் இஸ் கிறேஸி. ஹொஸ்பிற்றலிலை திரும்பவும் கேட்டவை. நான் என்ன சொல்லுறது? எங்கடை கலண்டர் விடேல்லையெண்டோ?"

"ஐப்பசி முதலாஞ் சனி நாள் இருக்கு. பேனாட்டும் ஒரு நாள் எடுத்துக்கொண்டு வாறனெண்டவன். காலை நட்டால் மிச்சத்தை நான் அடிச்சுப்போடுவன்."

"அம்மாவைக் கேட்டனீங்களோ?"

"அவவை ஏன் இதுக்குள்ளை இழுக்கிறாய்? பெரியப்பா செத்ததே இன்னும் சொல்லேல்லை. தாங்கமாட்டா."

"அவவின்ரை வீடுதானே அப்பா. அவவைத்தானே கேக்கவேணும்."

அவர் அன்றைய தாளைக் கிழித்தார்.

ஐப்பசி முதலாம் சனி குளிரோடும் தூறலோடும் விடிந்தது. பேனாட் வேலைத்தலத்தில் வயிற்றுக்குத்து என்று பொய் சொல்லிவிட்டு வந்திருந்தான். குழி தோண்டுகிற மிசின் எல்லாம் வாடகைக்குப் போய்விட்டது. பனிக்கு முன்னம் எல்லாருக்கும் அவசரம். கையாலேதான் வெட்டவேண்டும். இரத்தினவேல் தோய்ந்து, திருநீறு பூசி, நல்லநேரத்துக்கு முதற் குழியில் மஞ்சள் தண்ணீர் தெளித்துத் தேங்காயும் உடைத்தார். தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது. பேனாட்டும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஈரப் புல்லில் நின்று கும்பிட்டான்.

"சரி அண்ணை, மரத்தைப் பாப்பம்."

கல்லை நகர்த்தித் தறப்பாளை இழுத்தார்கள்.

மேல் அடுக்குத்தான் அடுக்கிய மாதிரிக் கிடந்தது. அதையும் தூக்கிப் பார்க்க, வில்லு மாதிரி வளைந்து வந்தது. அதற்குக் கீழே இருந்தவை இன்னும் மோசம். சில பலகைகளில் ஒரு முனை வடக்கே பார்க்க மறு முனை கிழக்கே பார்த்தது. கால்மரங்களில் விரல் போகிற அளவு வெடிப்பு. ஆடியும் ஆவணியும் வெயில் தறப்பாளுக்கு மேலே காய்ச்சியிருக்கிறது, கீழே புல்லு ஈரம் ஊட்டியிருக்கிறது. மூன்று மாதமாக அந்த மரம், கட்டுமில்லாமல் ஆணியுமில்லாமல், தன் பாட்டில் முறுகியிருக்கிறது.

பேனாட் ஒரு பலகையைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்து அதன் நீளத்தைப் பார்த்தான். கீழே வைத்தான். இன்னொன்றை எடுத்தான். வைத்தான்.

"பட்டியை ஆர் வெட்டினது?"

"எண்ணிப் பாக்க..."

"எண்ணினியளோ?"

"ஓம்."

"சரியாய் இருந்ததோ?"

"ஓம்."

பேனாட் சிரிப்பது மாதிரி ஒரு சத்தம் போட்டான். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான். "சட்டங்களிலை பாதி தேறும். கால் அஞ்சோ ஆறோ தேறும். பலகை ஒண்டும் உதவாது. கதிரைச் சில்லு இதிலை ஓடாது அண்ணை. புதுசாய் ஆயிரம் டொலருக்கு வேணும்."

"எடுப்பம். இண்டைக்கே கடைக்குப் போவம்."

"குழியை வெட்டுவம் முதல்லை," என்றான் பேனாட்.

வெட்டினார்கள். மேலே ஒரு அடிதான் மண். அதற்குக் கீழே பசை மாதிரிக் களி. மண்வெட்டியில் ஒட்டினால் காலால் உதைத்தாலும் விழாது. மத்தியானம் வரை மூன்று குழி. இரத்தினவேலின் உள்ளங்கையில் தோல் உரிந்து போயிருந்தது. அவர் நிறுத்தவில்லை. பேனாட் சொல்லியும் நிறுத்தவில்லை. நாலாவது குழியில் இடுப்பளவு இறங்கி நின்றபோது கண்ணாடிக் கதவு வழுக்கித் திறக்கிற சத்தம் கேட்டது.

நிரூபா குறுக்குச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளால் இறங்கி வரவும் முடியாது, கீழே ஆகாயம்.

"அப்பா, ஹொஸ்பிற்றலாலை கோல் எடுத்தவை. கட்டில் ஒண்டு வந்திட்டுதாம்."

"எங்கை?"

அவள் ஊரின் பெயரைச் சொன்னாள். காரில் ஒன்றரை மணித்தியாலம். தமிழ் ஆட்கள் ஒருவருமில்லாத ஊர்.

"இன்னும் மாசம் முடியேல்லையே. பத்து நாள் கிடக்கே! கால் நட்டாச்செண்டு சொல்லு. நாள் பாத்து நட்டாச்செண்டு சொல்லு."

"சொன்னனான் அப்பா. பத்து நாளிலை முடியுமோ எண்டு கேட்டவை. முடியுமெண்டு எழுத்திலை தந்தால் நிப்பாட்டி வைக்கலாமாம். நாளைக்குள்ளை சொல்லவேணும். இல்லாட்டி அந்தக் கட்டில் வேறை ஆளுக்குப் போகுது. அதுக்குப் பிறகு எங்கை வருமெண்டு தெரியாதாம்."

இரத்தினவேல் குழிக்குள் நின்றபடி பேனாட்டைப் பார்த்தார். பேனாட் வேலியைப் பார்த்தான். வெட்டியது மூன்று, வெட்டக் கிடந்தது பதினொன்று. கொங்கிறீற் ஊற்றவேண்டும், இறுகவேண்டும். பலகை இல்லை. அடுத்த சனி அவனுக்கு வேலை.

"பேனாட், ஒரு சொல்லுச் சொல்லும்."

"அக்காவுக்காக நான் என்ன பொய்யும் சொல்லுவன் அண்ணை," என்றான் அவன். "ஆனால் அவை கதிரையைக் கொண்டு வந்தெல்லோ பாப்பினம்."

நிரூபா கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்குள்ளால் அவள் தொலைபேசிப் பக்கம் போவது தெரிந்தது.

பராமரிப்பு இல்லத்தின் வாசலில் கொங்கிறீற்றில் ஒரு சாய்தளம் இருந்தது. அகலமானது. இரண்டு பக்கமும் இரும்புக் கைபிடி. கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை முதற்தரம் அதில் ஏறியபோது, அதன் சரிவு சரியான சரிவென்று இரத்தினவேலின் காலுக்கே தெரிந்துவிட்டது. நிரூபா காரை நிறுத்தப் போயிருந்தாள். அவர் கைபிடியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனார்.

குணவதி யன்னலோரம் இருந்தாள். மெலிந்திருந்தாள். அவளுடைய பேச்சு விளங்குகிற ஒருவரும் அங்கே இல்லை; அதனால் பேசுவதையே குறைத்துவிட்டாள் என்று தாதி நிரூபாவிடம் சொல்லியிருந்தாள். இரத்தினவேல் கொண்டுபோன இடியப்பத்தைப் பிசைந்து ஊட்டினார். பாதியில் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ."

"என்ன குணம்?"

"நடக்குது நடக்குது எண்டு சொன்னியள். என்னதான் நடந்தது?"

அவருக்கு இனிமேல் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். ஆடி, அண்ணர், துடக்கு, புரட்டாசி, முறுகிய பலகை. அண்ணர் செத்ததைச் சொன்னபோது அவளுடைய இடது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வடிந்தது. மிச்சத்தை ஆடாமல் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தமுறையெண்டாலும் உம்மடை சொல்லுக் கேட்டுச் செய்யவேணும் எண்டு நினைச்சன்," என்றார் கடைசியாக. "ஆடியிலை குடிபோகாதேங்கோ எண்டு நீர் சொன்னனீரெல்லே."

அவள் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்துப் பேசினாள்.

"நான் விழுந்த அண்டைக்குக் காலமை தாளைக் கிழிச்சது நான்தான். நல்ல நாளெண்டு பாத்திட்டு மாவிடிக்கத் தொடங்கினனான். அமிர்தயோகம்."

இரத்தினவேல் கையில் இடியப்பத்தோடு இருந்தார்.

"நீங்கள் வேலையாலை வருமட்டும் நிலத்திலை கிடந்தன். அந்தத் தாள் எனக்கு நேரை தொங்கினது. அமிர்தயோகம்." மூச்சு வாங்கினாள். "அண்டையோடை எனக்கு அந்தக் கலண்டர் முடிஞ்சுபோச்சு. என்னை ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். ஆடியிலையே நடுங்கோ எண்டு சொல்லியிருப்பன்."

வாசலில் வந்து நின்ற நிரூபா உள்ளே வராமல் அப்படியே நின்றாள்.

வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. காற்றில்லாமல், நேராக, அவசரமில்லாமல் விழுந்தது. குணவதி அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவள் போலத் திரும்பினாள்.

"மிச்சப் பலகையள்? நனையாமல் மூடித்தானே கிடக்கு? கோடைக்கு உதவுமெல்லே."

குழி வெட்டிய அந்த வாரமே அடித்த காற்றில் தறப்பாள் பறந்து பக்கத்து வளவுக்குள் போய்விட்டது. அவர் அதை எடுக்கவில்லை. வெட்டிய குழிகளுக்குள் தண்ணீர் நின்று, அதன் மேலே கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது. இந்த இல்லத்தில் கையெழுத்து வைத்தவர்கள் திரும்பி வீட்டுக்குப் போவதில்லை என்று நிரூபாவிடம் சொல்லியிருந்தார்கள். நிரூபா அவரிடம் சொல்லியிருந்தாள்.

"ஓம் குணம்," என்றார் இரத்தினவேல். "மூடித்தான் கிடக்கு."